புது வீட்டுக்கு வந்த பழைய யானை

தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் சமையலறைச் சுவரை யானை இடித்தது உண்மை. அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்ததும் உண்மை. அடுத்த வருடம் இடி இறங்கி வயரிங், ஃபிரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர் எல்லாம் கருகியபோது மறுபடியும் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் ஒரு ரூபாய்கூடக் கூட்டிச் சொல்லாமல்தான் வாங்கினேன். பொய் அதற்குப் பிறகு வந்தது, நாங்கள் வீடு மாறிய அன்று. அதுவும் வேலைக்காலம் முழுக்கக் கல்லூரியில் வணிகச் சட்டம் நடத்தியவன் வாயிலிருந்து.

மற்ற ஒப்பந்தங்களில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், இன்சூரன்ஸில் கேட்காததையும் தானாக முன்வந்து சொல்லவேண்டும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டுக் காட்டியவன் நான். தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி அது. வீடு மாறுவதற்குள் அந்தப் பாடம் எனக்கு எப்படி மறந்தது என்று யாராவது கேட்டால், மறக்கவில்லை என்பதுதான் பதில்.

இடிக்குப் பணம் வாங்கிய பிறகு பழைய கம்பெனி எங்களை லேசில் விடவில்லை. புதுப்பிக்கும்போது பிரீமியத்தை ஏற்றினார்கள். இனி யானை வந்தால் சேதத்தில் ஒரு பங்கை நீங்களே ஏற்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள். சமையலறையில் இருந்த தவிட்டு வாசம் யானைக்குப் பிடித்ததற்கு நான் என்ன செய்வேன் என்று அவர்களுடைய போன் எண்ணில் சண்டை போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரைமணி நேரம் அலைக்கழித்துவிட்டு, கடைசியில் வந்த பெண், “உங்கள் கிளைம் ஹிஸ்டரிப்படி சார்” என்றாள். எதைக் கேட்டாலும் அதே பதில்தான். என் பேருக்குக் கீழே எங்கோ அப்படி ஒரு சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்ததும், இனி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்போம் என்று அந்த வீட்டை விற்றுவிட்டுச் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய தனி வீடு வாங்கினோம். பால் காய்ச்சுகிற அன்றே இன்சூரன்ஸும் போட்டுவிடவேண்டும் என்றாள் மனைவி. நல்ல நாளில் தொடங்கினால் அதற்கு வேலையே வராது என்பது அவள் கணக்கு. அவளுடைய சித்தி மகளின் மகள் ஒருத்தி பக்கத்திலேயே கணபதியில் இருக்கிறாள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. ஆர்டர் இருந்தால் சம்பளம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே குடும்பம் ஓடுவது பெரும்பாலும் இவள் ஸ்கூட்டரில்தான். என்னைப் பெரியப்பா என்பாள். பால் காய்ச்ச வந்தவள் பந்திக்கு இலை நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தாள். இப்போதெல்லாம் படிவம் போனிலேயே வந்துவிடுகிறது. அவள் கேட்பாள், நான் சொல்வேன், அவள் தட்டுவாள்.

பரப்பளவு, கட்டின வருடம், மாடி எத்தனை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்.

“பெரியப்பா, இதுக்கு முந்தி ஊட்டு இன்சூரன்ஸ்ல கிளைம் ஏதாச்சும் வாங்கியிருக்கீங்களா? தீ, இடி, வெள்ளம், அந்த மாதிரி?”

அடுப்படியிலிருந்து மனைவி குரல் வந்தது. “ஏனுங்க, பால் பொங்கற நேரத்துல எரிஞ்சது இடிஞ்சதுன்னு என்ன பேச்சு? ஒன்னுமில்லைன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சு வாங்க.”

“பெரியம்மா, நானாக் கேக்கலீங்க. கம்பெனில கேக்கறானுங்க” என்று இவள் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “அங்க யானை வந்து சுவத்த இடிச்சுதுங்களே பெரியப்பா, அதுக்கு ஏதாச்சும் வாங்குனீங்களா?”

“அது கைக்காசுலதான் கட்டுனோம் கண்ணு. இல்லைன்னு போட்டுக்கோ.”

இதற்கு நல்ல நாளைக் காரணம் காட்டிப் பல மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பால் பொங்கியதற்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தமே கிடையாது. உண்மையைச் சொன்னால் இந்தக் கம்பெனியும் பிரீமியத்தை ஏற்றும் என்று எனக்குத் தெரியும். அதுதான் காரணம். மனைவியின் குரல் எனக்கு வசதியான நேரத்தில் வந்தது, அவ்வளவே. என் போனுக்கு ஓடிபி வந்தது. வாசித்துச் சொன்னேன். நான் போட்ட கையெழுத்து அது.

ஆடிக் காற்றில் பக்கத்து வீட்டு மொட்டைமாடித் தகர ஷீட் முழுசாகக் கிளம்பி வந்து எங்கள் மாடியில் விழுந்தது. சோலார் வாட்டர் ஹீட்டர் உடைந்து, குழாய் பிடுங்கிக்கொண்டு, மாடி அறைக்குள் தண்ணீர் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “காத்துங்க, நாம என்ன பண்ண முடியுமுங்க” என்றார். அவருடைய ஷீட்டை மட்டும் பத்திரமாக இறக்கி எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். மழையோடு மழையாக வந்து படமெடுத்து, கம்பெனிக்கு அனுப்பி, சர்வேயருக்கும் ஏற்பாடு செய்தாள். சேதத்தைப் பார்த்து மதிப்புப் போடக் கம்பெனி அனுப்பும் ஆள்தான் சர்வேயர். வந்தவர் இளைஞர். மாடியெல்லாம் அளந்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தார். என் மனைவி காப்பியோடு வந்தாள். புதிதாக ஒரு மனிதர் வீட்டுக்குள் வந்து காப்பி குடித்தால் அவருக்கு யானைக் கதை சொல்லாமல் அனுப்புவது அவளுக்கு மரியாதைக் குறைவு.

“இதெல்லாம் என்னங்க தம்பி, ஒரு தகரம். அங்க எங்க ஊட்டுக்கு யானை வந்துச்சு பாருங்க. தும்பிக்கைய ஜன்னல்ல உட்டுத் தவுட்டு மூட்டைய இழுக்குது, செவுரு அப்பிடியே சரியுது. நான் கரண்டியோட இந்தப் பக்கம் நிக்கறேன். எங்க ஊட்டுக்காரரு எங்க தெரியுமுங்களா? பீரோவுக்குப் பொறகால.”

“சார் பீரோவைக் காப்பாத்தியிருப்பாருங்க” என்றார் சர்வேயர்.

“பீரோதான் அவரைக் காப்பாத்துச்சு” என்றாள் மனைவி. “ஆனா ஒன்னு தம்பி, அந்தக் கம்பெனிக்காரங்க நல்லவங்க. யானைக்கும் குடுத்தாங்க, பொறகு இடி உளுந்ததுக்கும் குடுத்தாங்க.”

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சர்வேயர் தன் போனில் எங்கள் படிவத்தைத் திறந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

“சார், முந்தி கிளைம் எதுவும் இல்லைன்னு இருக்குதுங்களே.”

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆமாம், மறைத்துவிட்டேன் என்றிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்திருந்தாலும் போதும். நான் சொன்னது இது: “ஏஜெண்ட்கிட்டச் சொன்னனுங்களே. அந்தப் பொண்ணு எழுதாம உட்டிருக்கும்.”

“அப்படீங்களா” என்று எழுதிக்கொண்டார். என்னைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர் நினைத்திருக்கவேண்டும். போகும்போது தைரியமாக இருங்கள் என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். “யானைக் கதைய யாருகிட்டச் சொல்றதுன்னு ஒரு வெவஸ்தை வேண்டாமா? அன்னைக்கு நீதானே ஒன்னுமில்லைன்னு சொல்லச் சொன்னே?”

“அன்னைக்குப் பால் பொங்கிட்டிருந்துச்சு. இன்னைக்கு அந்தத் தம்பி சும்மா காப்பி குடிச்சிட்டிருந்துச்சு” என்றாள். அவளிடம் இதற்குமேல் என்ன வாதிடுவது. ஆனால் சர்வேயரிடம் நான் சொன்ன பதிலை அவளிடம் சொல்லவில்லை.

வாரங்கள் ஓடின. கம்பெனியிலிருந்து பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. போன் செய்தால் மறுபடி அதே ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லும், பிறகு வீணை வாசிப்பார்கள். எங்கள் ஏஜெண்டுக்குப் போன் செய்தால், “பாத்துட்டுதான் இருக்கேனுங்க பெரியப்பா, வந்துருமுங்க” என்பாள். வேறு எதுவும் சொன்னதில்லை. பொறுமை போய் நேராக அந்தக் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கே போனேன். மேலாளர் நாற்பதுக்குள் இருப்பார். மரியாதையாக எழுந்து உட்காரச் சொன்னார். நான் சண்டையோடுதான் உட்கார்ந்தேன்.

“யானை இடிச்சது அந்த ஊட்டைங்க. அதை வித்தாச்சு. வாங்கினவன் பாடு, யானை பாடு. சரவணம்பட்டிக்கு யானை என்ன லாரி புடிச்சா வரும்?”

“யானை வராதுங்க சார். நீங்க வந்திருக்கீங்களே.”

“நான் எங்கிருந்தா என்ன? கிளைம் ஊட்டுக்கா, ஆளுக்கா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இப்ப எதுல வந்தீங்க சார்?”

“கார்ல.”

“புதுசுங்களா?”

“பழசக் குடுத்துட்டு வாங்குனது.”

“நோ கிளைம் போனஸ் வாங்குனீங்களா?”

வாங்கியிருந்தேன். வருடக்கணக்கில் காருக்கு கிளைம் எதுவும் கேட்காதவன் என்பதற்காகப் பிரீமியத்தில் தள்ளுபடி. அதைப் பழைய காரிலிருந்து புதுக் காருக்கு மாற்றித் தரச் சொல்லி ஷோரூமில் நின்று சண்டைபோட்டு வாங்கியிருந்தேன். போனஸ் காருக்கு இல்லை, ஓட்டுகிற எனக்கு என்று அந்தப் பையனுக்குச் சட்டம் எடுத்தவனே நான்தான்.

“அது பழைய காரோட போகலீங்களே சார். உங்க கூடத்தானே வந்துச்சு” என்றார் மேலாளர். குத்திக்காட்டும் தொனி இல்லை. என் மாணவனாக இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பழைய கிளைமையும் முதலிலேயே சொல்லியிருந்தாலும் பாலிசி கொடுத்திருப்பார்களாம். மலையடிவாரத்து யானையும் இடியும் இந்த வீட்டுக்குப் பெரிதாகப் பொருந்தாது, பிரீமியம் கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதானாம். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இத்தனையும்.

“நீங்க கவலைப்படாதீங்க சார். நீங்க சொல்லி ஏஜெண்ட் எழுதலீன்னு சர்வேயர் ரிப்போர்ட் குடுத்திருக்காரு. அது ஏஜெண்ட் தப்பு. அவங்களுக்கு நோட்டீஸ் போயிருக்குது. சரியான வெளக்கம் வரலீன்னா ஏஜென்சிய ரத்து பண்ணிருவாங்க. உங்க கிளைம் பெரும்பாலும் வந்துருமுங்க.”

நோட்டீஸ் வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். நான் கடைசியாக அவளுக்குப் போன் செய்து சத்தம் போட்டதற்கும் முந்தியே வந்திருக்கிறது. கையில் அந்த நோட்டீஸை வைத்துக்கொண்டுதான் “வந்துருமுங்க பெரியப்பா” என்றிருக்கிறாள்.

உண்மையை அன்றே எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். மேலாளர் மேஜையிலேயே காகிதமும் பேனாவும் இருந்தன. நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளைமும் வந்து, அவள் ஏஜென்சியும் எப்படியாவது தப்பித்துவிடும் என்று ஒரு நப்பாசை. அந்த நப்பாசையோடு ஒரு வாரம் போல ஓட்டினேன். பிறகு ஒரு காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். கிளைம் வாங்கியிருந்ததை ஏஜெண்ட் கேட்டும் மறைத்தேன், சர்வேயரிடம் பொய் சொல்லி அவள்மேல் பழிபோட்டேன், அவள் குற்றமற்றவள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு, இனி நிம்மதி என்று கணபதிக்கு அவள் வீட்டுக்குப் போனேன்.

மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் நின்றபடியே கேட்டாள். தபாலில் போட்டுவிட்டேன் என்றதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏனுங்க பெரியப்பா, ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே.”

“ஏங் கண்ணு?”

“நான் ஏற்கெனவே பதில் எழுதிக் குடுத்துட்டேனுங்க. பெரியப்பா சொன்னாரு, நாந்தான் அவசரத்துல தப்பாத் தட்டிட்டேன்னு. மொதத் தடவைங்கறதால எச்சரிக்கையோட உட்டர்றோமுன்னு சொல்லியிருந்தாங்க. உங்களுக்கும் பணம் வந்திருக்குமுங்க.”

“நீ எதுக்கு அப்படி எழுதுனே?”

“வேற என்னத்த எழுதறதுங்க? நீங்க பொய் சொல்றீங்கன்னா? பொறகு பெரியம்மா மொகத்துல நான் எப்படி முழிக்கறதுங்க?”

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. நான் பொய் சொல்லி அவளைச் சிக்கவைத்தேன். அவள் மரியாதைக்காக ஒரு பொய் சொல்லி அதிலிருந்து தப்பிக்க இருந்தாள். நான் உண்மையை எழுதி மறுபடி சிக்கவைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று பிள்ளைகளை வளர்க்கிறோம். வளர்த்ததன் பலனை அனுபவிக்கும்போது வாயடைத்துப்போகிறோம்.

இரண்டு பேரையும் கம்பெனியின் கோட்ட அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அதிகாரி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சலிப்போடு எங்களைப் பார்த்தார். “என் சர்வீஸ்ல ரெண்டு பேரும் நான் தப்பே பண்ணலீன்னு எழுதித்தான் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் நாந்தான் தப்புன்னு எழுதி வந்தது இதுதான் மொதல். தயவுபண்ணி யாராச்சும் ஒருத்தர் மட்டும் தப்பா இருந்தீங்கன்னா நான் ஃபைலை மூடிக்குவேன்.”

நான் சொன்னேன். பால் காய்ச்சிய அன்று நடந்தது, பிரீமியத்துக்காக மறைத்தது, சர்வேயரிடம் சொன்னது எல்லாவற்றையும். அவர் குறித்துக்கொண்டார். முடிந்ததும் அவளிடம் திரும்பினார்.

“அப்ப நீங்க எழுதுனது?”

“பெரியவங்கள எப்படிங்க சார் பொய்யின்னு எழுதறது?”

“எழுதலாமுங்க அம்மணி. பொய் சொன்னா பொய்யின்னு எழுதலாம்.”

முடிவு தபாலில் வந்தது. என் கிளைம் தள்ளுபடி, பாலிசியும் ரத்து. அது எனக்கு வரவேண்டியதுதான். இனி எந்தக் கம்பெனிக்குப் போனாலும், முந்தி கிளைம் உண்டா, வேறு கம்பெனி ரத்து செய்ததுண்டா என்ற இரண்டுக்கும் உண்டு என்று எழுதவேண்டும். எழுதிக்கொண்டும் இருக்கிறேன், கம்பெனிகள் யோசித்துக்கொண்டும் இருக்கின்றன. அவளுடைய ஏஜென்சி போகவில்லை. ஆனால் விசாரணைக்குத் தவறான பதில் கொடுத்ததற்காக மார்ச் முடியும்வரை புதுப் பாலிசி எதுவும் பிடிக்கக்கூடாது என்று உத்தரவு. ஏஜெண்டுகள் ஓடி ஓடிச் சம்பாதிப்பதே அந்த மார்ச் கடைசியில்தான் என்று தெரியாதவன் இல்லை நான்.

அதைக் கேள்விப்பட்டு மறுபடி கணபதிக்குப் போனேன். அவள் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களின் வருமானத்தை நான் தருகிறேன் என்றேன். வேண்டாமுங்க என்றாள். “தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு” என்றேன்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பதில்தான் உண்டு. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும், தோட்டங்காட்டை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டு மன்னிப்புக் கேட்டாலும், பரவாயில்லீங்க என்பார்கள். நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன் போல.

“ஆமாங்க பெரியப்பா” என்றாள் அவள். துணியை ஸ்கூட்டர் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “நீங்க யானைக்குப் பணம் வாங்குனத மறைச்சது எனக்குப் பெருசில்லீங்க. எல்லாரும் பண்றாங்க, தெனமும் பாக்கறேன். எம் பேரச் சொன்னீங்களே, அது மட்டும் ஆறமாட்டேங்குதுங்க.”

“ஆறோணுமின்னு நான் கேக்கல.”

“சரீங்க. பெரியம்மாவுக்குத் தெரியுமுங்களா?”

தெரியாது என்றேன். மனைவியிடம் பாலிசி ரத்தானதை மட்டும், அதுவும் கம்பெனியைத் திட்டிக்கொண்டே சொல்லியிருந்தேன்.

“சொல்லீருங்க. அடுத்த விசேசத்துல நான் உங்ககிட்டச் சிரிச்சுப் பேசலீன்னா அவங்களுக்குக் காரணம் தெரியோணுமுங்க. இல்லீன்னா எனக்குத் திமிருன்னு நெனைச்சுக்குவாங்க.”

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதை பாதி வரும்வரை கை நிற்கவில்லை. சர்வேயரிடம் யார் பேரைச் சொன்னேன் என்ற இடத்தில் நின்றது.

“அந்தப் புள்ளை பேரையா?”

“ஆமாம்.”

“நான் உள்ள டம்ளர் கழுவிட்டிருந்தேன். அதுக்குள்ளயா?”

அவள் வைய ஆரம்பித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்து எழுந்து, போனைத் தேடி எடுத்து எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்ததும், “கண்ணு, பெரியம்மா பேசறேன்” என்றாள்.

“நாளைக்குக் காலைல ஊட்டுல இருப்பியா? நான் வாரேன்.” அங்கே என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. “இல்ல கண்ணு. அவரு வரல. ஆட்டோ புடிச்சு நான் மட்டும் வாரேன்.”